நான்கு பக்கக் குறை

இன்று மாடம்பாக்கம் பஸ்ஸில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். போன மாதம் இறந்துபோன டேவிட்டின் மனைவி.

டேவிட்டும் நானும் ஒரே துறை. எண்ணற்ற குவாண்டம் துகள்கள் ஒன்றுசேர்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்கள். ஒருமுறை என் யோசனையை எடுத்துக்கொண்டு, கட்டுரையின் கடைசியில் எனக்கு ஒரு வரி நன்றி மட்டும் போட்டான். அதோடு பேச்சை நிறுத்தினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பிறகு அவனுடைய பெரிய கட்டுரையை மதிப்பிடச் சொல்லி ஓர் ஆய்விதழ் எனக்கே அனுப்பியது. மதிப்பிடுபவரின் பெயரை அவர்கள் வெளியே சொல்வதில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்கு பக்கத்துக்குக் குறை எழுதினேன். அதைப் பெயரில்லாமல் அவனுக்கு அனுப்பி, கட்டுரையை நிராகரித்துவிட்டார்கள்.

"அவரோட பெரிய கட்டுரையை வேண்டாம்னு யாரோ எழுதின நாலு பக்கத்தை கடைசி வரைக்கும் பையிலயே வெச்சிருந்தார் அண்ணா," என்றார் ஸ்டெல்லா. "'என் வேலையை ஒரு வரி விடாம படிச்ச ஒரே மனுஷன் இதை எழுதினவர்தான், பார்த்தா ஒரு காபி வாங்கிக் குடுக்கணும்'னு சொல்லுவார். அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலயேம்மா," என்றேன்.

ஸ்டெல்லா ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் போய்ச் சொல்லிவிடலாமா, வேண்டாமா?

உங்கள் மதிப்பீட்டைக் கீழே எழுதுங்கள். பெயரோடு.