இறங்கக் கூடாத எண்

பக்கவாத வார்டில் அந்த நர்ஸுக்கு 'இருநூத்திருபது சிஸ்டர்' என்று பெயர். பதினொரு வருடமாக ஒரே விளக்கத்தைச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதில் கிடைத்த பட்டம். அன்று காலை மட்டும் இது ஆறாவது தடவை.

எதிரே நின்றவர் பம்ப் மெக்கானிக்; கட்டிலில் கிடந்த தையல்காரரின் மனைவிக்கு அண்ணன். மானிட்டரில் ரத்த அழுத்தம் 196.

"எனக்கு நூத்தி அறுபதுக்கே மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. மாப்பிள்ளைக்கு இருநூறைத் தொடுது, நீங்க வேடிக்கை பாக்குறீங்க!"

"அண்ணே, மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நீங்க வந்ததே லேட்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியும் போட முடியல. அடைப்பைச் சுத்தியிருக்கிற இடத்துக்கு இந்த அழுத்தத்துலதான் கொஞ்சமாச்சும் ரத்தம் போகுது. பிரஷரைக் குறைச்சா மேல்மாடிக்குத் தண்ணி ஏறுமா, நீங்களே சொல்லுங்க."

"ஏறாது. பைப்பு வெடிச்சா?"

"அதுக்குத்தான் இருநூத்திருபதுன்னு ஒரு கோடு. தாண்டினா நாங்களே மருந்து குடுப்போம்."

மெக்கானிக் தலையாட்டினார். அதை நம்பி அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அரைமணி கழித்துத் திரும்பினால், தையல்காரர் மனைவிக்கு முகமெல்லாம் பல்.

"சிஸ்டர், நூத்தி நாப்பதுக்கு வந்துடுச்சு!"

நர்ஸ் கட்டிலுக்கு ஓடினாள். தையல்காரரின் வலது கைக்குள் தன் விரலைக் கொடுத்தாள். காலையில் லேசாகப் பிடித்த கை, இப்போது அசையவேயில்லை.

"என்ன குடுத்தீங்க?"

"என்னோட மாத்திரைதான்," என்றார் மெக்கானிக். "ஒண்ணே ஒண்ணு. நாக்குக்கு அடியில."

"இவருக்கு விழுங்க வருமான்னே இன்னும் பாக்கல! மூச்சுக்குழாய்ல போயிருந்தா?" கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்திக்கொண்டே டாக்டருக்குக் குரல் கொடுத்தாள். டாக்டர் ஓடி வந்தார். சலைன் ஏறியது. 144. 151. 163.

மனைவி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டு மோட்டாரைச் சரி பண்றேன்னு பிரிச்சு மூணு மாசமா சாக்குல கட்டி வச்சிருக்கே. இப்ப என் புருஷனையுமா?"

எண் 178ஐத் தொட்டபோது, கத்தரி பிடித்துக் காய்ப்பேறிய அந்த விரல்கள் நர்ஸின் விரலை மெல்ல அழுத்தின. காலையில் இருந்த பிடிதான், அதற்கு மேல் இம்மியும் இல்லை.

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிடிச்சுட்டாருல்ல? அப்ப இன்னும் கொஞ்சம் ஏத்திடலாமா சிஸ்டர்? உப்புத்தண்ணி ஏதாச்சும்..."

நர்ஸ் கையை நீட்டினாள். "மாத்திரை அட்டையைக் குடுத்துட்டு வெளிய போய் உக்காருங்கண்ணே."