பதினான்காம் தாளின் புள்ளிகள்

ரப்பரை நான்கு தேய்ப்பு தேய்த்ததும் நிறுத்திவிட்டு, மேசை ஓரத்தில் இருக்கும் சவரப் பிரஷை எடுத்துத் தூளைத் தள்ளுகிறாள். வாயால் ஊதுவதில்லை. ஊதினால் எச்சில் தெறிக்கும், எச்சில் பட்ட இடத்தில் வண்ணம் கரையும், தாளில் ஒரு துளி கரைந்தால் நிலத்தில் நாலு வீடு கரைந்த மாதிரி என்பாள். பிரஷ் அவள் கணவருடையது. அவர் பேருந்து ஓட்டுநர். அது வீட்டிலிருந்து காணாமல் போன வாரம் முழுக்க விரலால் சோப்பைத் தேய்த்துக்கொண்டவர், "ஊருக்கே முகம் மழிக்கிறா, புருஷன் தாடியோட திரியணும்" என்று டிப்போவில் சொல்லிச் சிரிக்க வைத்தாராம்.

நகரத் திட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்குப் பெயர் ஸ்கேல் அக்கா. எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். பேசும்போது அதைத்தான் ஆட்டுவாள். முதுகு அரித்தாலும் அதுதான். இடது, வலது என்ற சொற்கள் அவள் வாயில் வராது. "கொஞ்சம் கிழக்கால நகந்துக்கோ, வெளிச்சத்த மறைக்கிறே" என்பாள். எட்டு வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கும் தட்டச்சுக்காரி இன்றைக்கும் ஜன்னலைப் பார்த்துக் கிழக்கைக் கண்டுபிடித்த பிறகுதான் நகருவாள். வீட்டில் கட்டில் சுவரை விட்டு மூன்று விரல் தள்ளியிருந்தாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

நகரத்தின் புதிய நிலப்பயன்பாட்டுத் திட்டம் முப்பத்திரண்டு தாள்களில் அவள் கையால் வரையப்பட்டது. கணினியில் ஏற்றுவதெல்லாம் கடைசி வேலை, அதுவும் தலைமை அலுவலகத்தில். தாளின் மூலையில் குறிவிளக்கக் கட்டம்: மஞ்சள் குடியிருப்பு, நீலம் கடை, ஊதா தொழிற்சாலை, பச்சை திறந்தவெளி. பச்சை விழுந்த மனையில் இருக்கிற வீட்டின் மேல் ஒரு செங்கல் ஏற்ற முடியாது. விற்கப் போனால் வாங்க ஆள் வராது. என்றைக்கு வேண்டுமானாலும் அரசு எடுத்துக்கொள்ளலாம். முத்திரை விழுந்துவிட்டால் இருபது வருடத்துக்கு எந்த நிறமும் மாறாது. அதனால்தான் வரைவை வெளியிட்டு, மேல்முறையீடு செய்ய அறுபது நாள் கொடுத்தார்கள்.

அந்த அறுபது நாளும் வரிசை மாடிப்படி இறங்கி சைக்கிள் நிறுத்துமிடம் வரை போயிற்று. மனுவுக்கு நாலு பிரதி, பத்திர நகல், வக்கீல் கையெழுத்து என்று ஆயிரம் கேட்பார்கள். மனு வாங்குவது அவள் வேலையே இல்லை. ஆனால் வெயிலில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. படிக்கட்டின் கீழ் ஒரு முக்காலி போட்டாள். மனை எண்ணைக் கேட்டு, தாளை விரித்துப் பார்ப்பாள். நிறம் மாறாதவர்களிடம், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, மஞ்சள் மஞ்சளாத்தான் இருக்கு. மனுவெல்லாம் எதுக்கு? போய்ப் பொழப்பப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அப்படி அனுப்பியவர்களின் மனையில் கூர்மையான பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அதே ஆள் திரும்ப வந்தால் மறுபடி தேட வேண்டாம் என்பதற்காக. அறுபது நாளில் இருநூற்று அறுபத்து மூன்று புள்ளி. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கணக்கு. இத்தனை குடும்பத்துக்கு அலைச்சல் மிச்சம் என்று கணவரிடம் சொன்னாள். முக்காலியில் உட்கார்ந்த இடுப்பு வலிக்கு அவர் தைலம் தேய்த்துவிட்டார்.

பிறகு விசாரணை. நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள், ஆறு மாதம். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். மெதுவாகப் பேசுவார், யாரையும் பாதியில் நிறுத்த மாட்டார். சுத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஆறாம் தாளில் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்த வட்டம் இருந்தது. ஸ்கேலைப் போல விரலை நீட்டி, "இது என்னம்மா, ஏரியா குளமா?" என்று கேட்டார். கறைதான் சார் என்றாள். "குறிவிளக்கத்துல இல்லாத எதுவும் தாள்ல இருக்கக் கூடாது. இருந்தா நான் அனுப்ப மாட்டேன்" என்றார். ஆறாம் தாளை முழுக்கத் திரும்ப வரைந்தாள். மூன்று நாள் ஆயிற்று. அவளுக்கு அவரைப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான்.

மனு நியாயம் என்று பட்டால் அவர் பச்சையை எடுத்துவிடச் சொல்வார். ஆனால் நகரத்தின் மொத்தப் பச்சை ஒரு சதுர மீட்டர்கூடக் குறையக் கூடாது என்று அரசாணை. ஓரிடத்தில் எடுத்ததை வேறோர் இடத்தில் போட்டாக வேண்டும். "பக்கத்துலயே சரிக்கட்டிடுங்கம்மா" என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். அது வரைகிறவள் பாடு. வரைவின் மேல் போட்டால் அடித்தாள் தெரியும், மனு எண்கள் குறித்த மெல்லிய ஒளித்தாளைப் பார்த்து, எண் எதுவும் இல்லாத மனையாகத் தேர்ந்து பச்சை தீட்டுவாள். எண் இல்லாத இடம் ஆட்சேபணை இல்லாத இடம். அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்வது அதுதான். புதிதாக வந்த இரண்டு பேருக்கு அவளே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள்.

புள்ளிகள் கீழே வரைவுத் தாளில் இருந்தன. பச்சை மேலே ஒளித்தாளில் ஏறியது. ஆறு மாதமும் அவள் இரண்டையும் தனித்தனியாகவே விரித்தாள்.

தாள்களெல்லாம் முத்திரைக்குப் போக ஒரு நாள் இருக்கும்போது கண்ணாடிக்காரர் வந்தார். ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டுகிறவர், அறுபது வயது இருக்கும். கால்வாய்க்கரையில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மகள் குழந்தைகளோடு வந்துவிட்டாள், மேலே ஓர் அறை எடுக்கலாம் என்று அனுமதி கேட்கப் போயிருக்கிறார். புதுத் திட்டத்தில் அந்த இடம் பச்சை என்று கீழே அனுமதி ஜன்னலில் சொல்லிவிட்டார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. அலுவலகத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதை இந்த அம்மாவிடம் சொன்னால் சரியாகிவிடும் என்று வந்திருந்தார்.

"பச்சையா? உங்க பக்கம் பச்சையே கிடையாதே. அவங்க வேற தாளப் பாத்திருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே பதினான்காம் தாளை எடுத்தாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் வரைவைப் போட்டு, அதன் மேல் ஒளித்தாளைப் பொருத்தினாள்.

பச்சையாக இருந்தது.

முதலில் ஒளித்தாளைத் தலைகீழாகப் போட்டுவிட்டதாக நினைத்தாள். திருப்பினாள். வடக்கு அம்பு தெற்கைப் பார்த்தது. பழையபடி வைத்தாள். நான்கு மூலைக் குறிகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. ஸ்கேலை வைத்து அளந்தாள். அளக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அளந்தாள். அவள் கைப் பச்சைதான். மூலைகளில் கொஞ்சம் அழுத்தித் தீட்டுவது அவள் பழக்கம், அந்த அழுத்தமும் இருந்தது. நடுவில், தோலுக்கு அடியில் மச்சம் தெரிகிற மாதிரி, அவள் வைத்த புள்ளி.

எதிரே அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் காது அடைத்தது. உட்காருங்க என்றாள். அவர் உட்கார்ந்துதான் இருந்தார். மறுபடியும் உட்காருங்க என்றாள்.

"நான் அன்னைக்கே வக்கீலப் பாக்கத்தாம்மா கெளம்பினேன்" என்றார் அவர். "நீங்கதான் வேண்டாம்னீங்க. நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டேன். எம் பொண்ணுகிட்டகூடச் சொன்னேன், அந்த ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க, தங்கமான மனுஷின்னு."

எழுந்திருக்கும்போது கண்ணாடிக்காரர் மேசையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மூலை உடைந்து கூராக இருந்தது.

"இத இப்படியே விடாதீங்கம்மா, கைய அறுத்துடும். நாளைக்குக் கல்ல எடுத்துட்டு வந்து மழுங்கத் தேச்சுத் தரேன்."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகு, பதினான்காம் தாளை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை தேடினாள். கால்வாயின் கிழக்குக் கரையில் ஒரு தச்சுப்பட்டறையும் அதை ஒட்டிய வீடுகளும் மனு போட்டு ஜெயித்திருந்தன. நியாயமான மனுக்கள். அங்கே எடுத்த பச்சை மேற்குக் கரைக்கு வந்திருந்தது. பச்சைக்கு அடியில் பதினொரு புள்ளிகள். திரும்ப எண்ணினாள், பதினொன்று. மற்ற முப்பத்தொரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அவற்றில் பச்சைக்கு அடியில் புள்ளி எதுவும் இல்லை. ஒருவரும் ஆட்சேபிக்காத இடம் என்று தேடிப் பிடித்திருக்கிறாள். அவர்கள் ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று அந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தண்ணீர் எடுத்துக் குடிக்கப் போய்ப் பிரஷ் கழுவும் குவளையைத் தூக்கிவிட்டாள். தட்டச்சுக்காரி பிடுங்கிக்கொண்டாள்.

அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இடைமறிக்காமல் கேட்டார். முகம் வெளுத்ததா, இல்லை விளக்கு வெளிச்சமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒளித்தாளில் மேற்குக் கரையைத் தேடிப் பார்த்துவிட்டு, "மனு எண்ணே இல்லாதவங்களுக்கு நான் எதுலம்மா உத்தரவு போடறது?" என்றார். கெடு முடிந்து ஆறு மாதம் ஆயிற்று, அவர்கள் வந்ததற்குச் சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். புள்ளி இருக்கு சார் என்றாள்.

"பென்சில் புள்ளி. நாளைக்கு நாலு மணிக்கு வண்டி. அதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சு, சுத்தமா குடுங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் கலங்கடித்தது.

தட்டச்சுக்காரி வேறு மாதிரிப் பேசினாள். யாரும் கேட்காத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டது தப்பு, அதை வெளியில் சொல்வது அதைவிடப் பெரிய தப்பு என்றாள். "ஒண்ணரை வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறே. எழுதிக் குடுத்தேன்னு வையி, உன் தலைலதான் விடியும், அக்கா. அழிச்சிட்டுப் பேசாம இரு. புள்ளி வெச்சது உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுதே" என்றாள் அவள்.

அன்று மாலை வீட்டில் கட்டில் சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கணவர் வேண்டுமென்றே அதை ஒரு முழம் இழுத்துப் போட்டுவிட்டு, திட்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, தேற்றவுமில்லை. ஒரு முறை தவறான நிறுத்தத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் அது உறைத்தும் வண்டியைத் திருப்ப முடியாமல் போனதைச் சொன்னார். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். தெரியாது, அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை என்றார்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு அலுவலகம் வந்தாள். முப்பத்தொரு தாள்களில் இருந்த இருநூற்று ஐம்பத்திரண்டு புள்ளிகளையும் அழித்தாள். பதினான்காம் தாளை எடுக்கவில்லை. மேசையைத் துடைத்தாள்.

பதினொரு மணிக்குக் கண்ணாடிக்காரர் வந்தார். மேசை மூலையைக் கல்லால் தேய்த்தார். இருபது நிமிடம் ஆயிற்று. வீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. இப்போது தடவிப் பாருங்க என்றார். தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. அவர் போய்விட்டார்.

பிறகு பதினான்காம் தாளை விரித்தாள். அழியாத கறுப்பு மைப் பேனாவைத் திறந்து, பச்சைக்கு உள்ளே, பதினொரு இடத்திலும் ஒளித்தாளின் மேலேயே புள்ளி வைத்தாள். தென்கிழக்கு மூலையில் குறிவிளக்கக் கட்டம் இருந்தது. மஞ்சள், நீலம், ஊதா, பச்சை என்ற வரிசைக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, அதற்கு எதிரே எழுதினாள்: கெடுவுக்குள் மேல்முறையீடு செய்ய வந்து, தேவையில்லை என்று என்னால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அடியில் முழுப் பெயர், பதவி, தேதி, கையெழுத்து.

மை காய்ந்ததும் அதிகாரியின் மேசையில் வைத்தாள். அவர் கட்டத்தை இரண்டு முறை படித்தார். புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணினார். ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஆறு மாதத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. பிறகு தலைமை அலுவலகத்துக்குப் பேசத் தொலைபேசியை எடுத்தார்.

நாலு மணி வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

அவள் தன் இடத்துக்கு வந்து, சவரப் பிரஷால் மேசையைத் தள்ளினாள். ரப்பர் தூள் இல்லை. கண்ணாடித் தூள் கொஞ்சம் இருந்தது. அதை ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்து, யார் கையிலும் குத்தாதபடி நான்காக மடித்தாள்.