வாசலில் நின்ற அண்ணன்

கல்லூரியில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். எந்தப் பாடத்திட்டத்திலும் அந்த அமெரிக்கக் கவிஞர் வந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில்தான் அவரைக் கண்டுபிடித்தேன். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். இரண்டு கவிதைத் தொகுப்பு, ஐந்து கவிதை நாடகம். நாடகங்களைப் பக்கத்துப் பண்ணைக்காரர்களே ஒரு தானியக் கொட்டகையில் நடித்தார்களாம். அதற்கு மேல் அவர் புகழ் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. நான் குடியிருக்கும் கணபதி வட்டாரத்திலாவது ஒருமுறை அவர் குரல் கேட்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

நாடகங்களில் சிறியதைத் தமிழாக்கினேன். நிலத் தகராறில் பிரிந்த அண்ணன் பல வருடம் கழித்துத் தங்கை வீட்டு வாசலுக்கு வருகிறான். பனி கொட்டுகிறது. கடைசிவரை அவள் உள்ளே கூப்பிடுவதில்லை. அவன் திரும்பிப் போய்விடுகிறான்.

எங்கள் வீதியில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு அண்ணன் வேடம். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குத் தங்கை வேடம். ஒத்திகையில் அவர் வாசலுக்கு வந்ததும் அந்தம்மா, "வாங்கண்ணா," என்று சொம்புத் தண்ணீரை நீட்டிவிடுவார்.

"கூப்பிடக் கூடாதுங்கம்மா. நீங்க கோபமா இருக்கீங்க," என்றேன்.

"கோவம் இருந்துட்டுப் போகட்டுமுங்க சார். வந்தவீங்களுக்குத் தண்ணி கூடக் குடுக்காம எப்படிங்க நிக்க வெக்கறது? கை தானாப் போகுதுங்க."

பட்டறைக்காரர் வயிற்றைத் தடவினார். "இதோட நாலு சொம்புங்க. இன்னொருக்கா மொதல்ல இருந்துன்னீங்கன்னா நான் பாதியில ஓடோணும்."

ஐந்தாம் முறையும் சொம்பு நீண்டது. வயிறு நிறைந்திருந்தவர் வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. வந்தவர் தண்ணீரைத் தொடாவிட்டால் உறவு முறிந்தது என்பது இங்கே யாருக்கும் தெரியும். திட்ட வாயெடுத்த நான் நிறுத்திக்கொண்டேன். இதைத்தானே அந்தக் கவிஞர் பனியை வைத்துச் சொல்லியிருந்தார்!

சொம்பைச் சேர்த்துக்கொண்டோம். இறந்துபோன கவிஞரிடம் அனுமதி கேட்க முடியாதே என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை.

நாடகத்தன்று கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டேன். முப்பத்தெட்டு நிறைந்தன, மூன்று முறை எண்ணினேன். சொம்பு நீண்டு நின்றபோது கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா கத்தினார்: "குடிச்சுப்போடுங்கண்ணா, பாவம் அந்தப் புள்ள!"

யாரும் சிரிக்கவில்லை. தன் கடைசி வசனத்தைச் சொல்லித் திரும்பிய பட்டறைக்காரர், ஒத்திகையில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். சொம்பை வாங்கி, அண்ணாந்து முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். நாடகமே கெட்டது என்று நினைத்தேன். பிறகு கைதட்டல் கேட்டது.

கத்திய அம்மாவே என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க, இதை எழுதுனவரு வேற ஏதாச்சும் எழுதியிருக்காருங்களா?"

"இன்னும் நாலு நாடகம் இருக்குங்க."

"அதுலயாச்சும் சோறு போடுவாங்கன்னா நான் வாரேனுங்க சார்," என்றார் பட்டறைக்காரர், ஈர மீசையைத் துடைத்தபடி.

நான்கில் ஒன்று கல்யாண விருந்தில் தொடங்குகிறது. மறுநாள் காலை அதைத்தான் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.