பிடி மேலே வருமுன்

அம்மாவின் அக்காவைக் கட்டிய பெரியப்பா பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு ஒரு காபி மெஷினையும் கொண்டுவந்தார். பெரியம்மாவுக்கு அதைக் கண்டாலே பயம். அதனால் அது செஞ்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. எங்களுக்கும் பயம்தான், அத்தையைத் தவிர.

நைனாவின் தங்கையான அத்தை பிளஸ் டூ முடித்துவிட்டு, அந்த மெஷினைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு வோல்டேஜுக்கு அது சூடேறவே வெகுநேரமாகும். பிறகு நீளமான பிடியைக் கீழே அழுத்த வேண்டும். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் பிடியை மெல்ல மேலே தள்ளும்போது காபி இறங்கும். பிடி முழுக்க மேலே வருமுன் தூள் கிண்ணத்தைக் கழற்றவே கூடாது. அவ்வப்போது அவள் மெஷினைப் பிரித்து, சல்லடையைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, வாஷருக்குக் கிரீஸ் தடவி மாட்டுவாள். பெரியப்பாவே அசந்துபோவார்.

அந்தக் கோடையில் அத்தைக்கு விழுப்புரத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது. கூடவே திண்டிவனத்திலிருந்து வரனும் வந்தது.

"இந்த எடம் அமைஞ்சிட்டா அப்புறம் படிப்பு இன்னாத்துக்கு?" என்று நைனா முடித்துவிட்டார். அத்தை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷினைக் கூடத்துக்கே தூக்கிவந்து, "எங்க பொண்ணு கையால பிரான்ஸ் காபி சாப்புடுங்க" என்றார். பட்டுப்புடவையில் வந்த அத்தை, பக்கத்திலேயே இருந்த பிரான்ஸ் காபித்தூள் டப்பாவை விட்டுவிட்டு, அம்மாவின் சிக்கரி கலந்த தூளை எடுத்து அமுக்கி அமுக்கி நிரப்பினாள். சிக்கரி தண்ணீர் பட்டால் களியாகி அடைத்துக்கொள்ளும். அழுத்திய பிடி கீழேயே நின்றது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அத்தை என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, தானும் ஒதுங்கி நின்று தூள் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினாள்.

படார் என்றது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை, அவர் அம்மாவின் பட்டு, சுவர்க் காலண்டர் எல்லாம் காபிச் சகதி.

"சுட்டுடுச்சா தம்பி?" என்று அம்மா துண்டோடு ஓடினாள். நல்லவேளை, சூட்டைவிட அவருக்கு வெட்கம்தான் அதிகம்.

"பொண்ணுக்குக் கை ரொம்பப் பதறுது. ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தாள் மாப்பிள்ளையின் அம்மா.

"வாஷர் போயிடுச்சிம்மா, பொண்ணு மேல தப்பு இல்ல" என்று பெரியப்பா வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனார். அவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை.

பதற்றத்தில் அத்தை தூளை மாற்றிப் போட்டுவிட்டாள் என்பதைக் கவனித்தவள் நான் மட்டும்தான். பாவம், திட்டு விழுமே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஜூலையில் நைனாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தையை விழுப்புரம் பஸ் ஏற்றிவிட்டார். கல்யாணம் தட்டிப்போன துக்கம் ஆறத்தான் படிக்க அனுப்புகிறார்கள் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டிலேயே தேம்பித் தேம்பி அழுதேன். ஜன்னலோரம் இடம்பிடித்த அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். இத்தனை கஷ்டத்திலும் எப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் மரியாதையே வந்துவிட்டது.