கிணத்துக்காரியைக் கொன்ற விமலகுமாரி

குன்னத்துகாலில் விமலகுமாரிக்கு நல்ல பெயர். பாறசாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. ரத்தம் எடுக்க அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று கைக்குழந்தைக்காரிகள் அவள் டியூட்டி பார்த்து வருவார்கள். சபைப் பாட்டுக் குழுவில் முன்வரிசை. ஒருவரையும் எடுத்தெறிந்து பேசியது கிடையாது. இவ்வளவும் சத்தியம். ஆனால் வயிற்றெரிச்சல் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பங்கு வைத்தபோது மட்டும் கடவுள் இவளுக்குக் கொஞ்சம் தாராளமாக அள்ளிப் போட்டுவிட்டார்.

அதுவும் எல்லார் மேலும் வருகிற எரிச்சல் இல்லை. ஊரில் எத்தனையோ பேர் இரண்டு மாடி வைத்தார்கள், கார் வாங்கினார்கள். விமலகுமாரி போய்ப் பார்த்து, காப்பி குடித்து, மனதார வாழ்த்திவிட்டுத்தான் வந்தாள். கொழுந்தன் ரெத்தினதாஸின் பெண்டாட்டி ரத்னபாய் ஒரு புது மிக்ஸி வாங்கட்டும், அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்காது. ஓர்ப்படியாள் என்றால் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ரத்னபாய்க்கும் இவள் ஓர்ப்படியாள்தானே? அவள் வாய் நிறைய அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு, தலையில் பூவும் முகத்தில் சிரிப்புமாக வளைய வருவாள். அந்தச் சிரிப்பும் விமலகுமாரியின் எரிச்சல் கணக்கில் ஒன்று.

இருவரின் வீடுகளுக்கும் நடுவில் பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்கிவிடும். விமலகுமாரி வீடு கேரளம். ரெத்தினதாஸ் ரப்பர் ஷீட் வியாபாரத்துக்குத் தோது என்று எல்லையிலுள்ள பனச்சமூடு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனான். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். இங்கே மேய்கிற கோழி அங்கே போய் முட்டையிடும். கரண்டு மட்டும் வேறு வேறு சர்க்கார்.

தொண்ணூற்றெட்டில் புருஷன் சத்தியதாஸ் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு டிவி கேம் பெட்டி கொண்டு வந்தான். பிள்ளை இல்லாத வீட்டில் இது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. லீவு முழுக்க அவனே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் ஓட்டினான், குண்டு போட்டான். திரும்பிப் போகும்போது பெட்டியை வைத்துவிட்டுப் போனான். கூடவே, ஷார்ஜாவில் ஏதோ கடையில் நகல் எடுத்த இரண்டு கேம் சிடித் தகடுகள். மேலே ஸ்கெட்ச் பேனாவால் விளக்கு ஒன்று, விளக்கு இரண்டு என்று எழுதியிருந்தான். உண்மையான பெயர் என்னவோ, யாருக்குத் தெரியும்? உள்ளே வருகிற எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து.

ஒரு சனிக்கிழமை மதியம், மழைக்கு ஒன்றும் செய்யத் தோன்றாமல், அவள் முதல் தகட்டைப் போட்டாள். இருட்டான ஒரு மலை ஊர். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கையில் விளக்கோடு நடக்கிறாள். கூட ஒரு பட்டாளத்துக்காரன், ஒரு சாமியார். சபையில் வளர்ந்தவளாதலால் விமலகுமாரி சாமியாருக்கு உபதேசியார் என்று பெயர் வைத்தாள். வீடு வீடாக நுழைந்தால் செத்தவர்கள் எழுந்து வருவார்கள். அங்கேதான் சண்டை.

சண்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைக் குத்துகிற சண்டை இல்லை. திரையில் ஆளுக்கு ஒரு கோடு உண்டு. அது நிறைகிறவரை பொறுக்க வேண்டும். நிறைந்தால் ஒரு அடி அடிக்கலாம், அல்லது உபதேசியாரை விட்டு மற்றவரின் காயத்தை ஆற்றலாம். நாம் யோசிக்கிற நேரத்தில் பேய் சும்மா நிற்காது, அதன் கோடும் நிறைந்துகொண்டிருக்கும். எதை இப்போது செய்வது, எதை ஒத்திப்போடுவது என்பதுதான் வித்தை. ஒரே நேரத்தில் பத்துப் பேருடைய ரத்தத்தைக் கவனிக்கிறவளுக்கு இது பிடிபட எத்தனை நாளாகும்? ஒரு எழுத்தும் தெரியாமலே இரண்டு கதைகளையும் முடித்துவிட்டாள்.

அந்த நாட்களில் ரத்னபாய் வந்து பக்கத்தில் உட்காருவாள். பிணம் எழுந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள், ஆனால் வீட்டுக்குப் போக மாட்டாள். விமலகுமாரிதான் அவளுக்குப் பெட்டியிலிருந்து வயரில் வருகிற ரிமோட்டைக் கையில் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தாள். தான் முன்னால், அவள் பின்னால் என்றிருந்தவரை விமலகுமாரியைப் போல நல்லவள் உலகத்தில் இல்லை.

அடுத்த மாதம் ஷார்ஜாவிலிருந்து வந்த ஒருவர் கையில் ரத்னபாய்க்கும் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ரத்னபாய் போனில் ஆசையாகக் கேட்டாளாம், சத்தியதாஸ் அத்தான் உடனே வாங்கி அனுப்பிவிட்டாராம். அதுவும் புது மாடல். அதன் ரிமோட்டு, சண்டையில் அடி விழுந்தால் கைக்குள் நடுங்கும். விமலகுமாரியுடையது பழசு, கல் மாதிரி கிடக்கும். புருஷன் போனில் வந்தபோது அவள் சண்டை போடவில்லை. நல்ல மாடலா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று அந்த மடையன் சந்தோஷமாகச் சொன்னான்.

கூடவே, இரண்டு பெட்டிகளுக்கும் ஒவ்வொன்றாக, ஒரே கதையின் இரண்டு தகடுகளும் வந்தன. விளக்கு மூன்று.

மூன்றாம் கதையில் சண்டையை மாற்றியிருந்தார்கள். இப்போது விளக்கை அணைக்கலாம். வெளிச்சத்தில் அடித்தால் அடி சின்னது. இருட்டில் அடித்தால் பெரியது, ஆனால் இருட்டில் விளக்குப் பெண்ணுக்குப் பயம் ஏறிக்கொண்டே போகும். பயம் ஏற ஏற அடியும் பலக்கும். தளும்புகிற இடத்தில் அடித்தால் ஒரே அடியில் பேய் பாதியாகிவிடும். அந்த இடம் தாண்டிவிட்டால் போச்சு, அவள் நம் சொல் கேளாமல் உபதேசியாரையே குத்துவாள். பயம் எவ்வளவு என்பதற்குத் திரையில் கோடு கிடையாது. அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். விமலகுமாரி இதைத் தானாகவே கண்டுபிடித்தாள். ரத்னபாயிடம் மூச்சு விடவில்லை. பேச்சு வந்தபோது, விளக்கை மட்டும் அணைத்துவிடாதே, ஆபத்து என்று சொல்லி வைத்தாள். ஆபத்து என்பது உண்மைதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கதையின் கடைசியில் ஒரு கிணறு. அதற்குள்ளிருந்து தலைமுடியால் ஏறி வருகிறவளுக்கு இருவரும் கிணத்துக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவளைக் கொன்றால் எல்லாம் முடிந்தது. ஆனால் ஒருமுறை கொன்றால் எழுவாள், மறுபடி கொன்றாலும் எழுவாள், சண்டை முக்கால் மணி நேரம் இழுக்கும். நடுவில் சேவ் பண்ண வழியில்லை. மாசி மாதம் பிறந்தபோது இரண்டு பேரும் அந்தக் கிணற்றடிக்கு வந்து நின்றார்கள். யார் முதலில்? விமலகுமாரிக்கு ஊணும் உறக்கமும் அந்த ஒரு கேள்வியாகவே இருந்தது.

அந்தக் கோடையில் கேரளத்தில் அணைகள் வற்றி, பவர் கட் வந்தது. அறிவித்த அரை மணி நேரம் மாலையில். அறிவிக்காமல் போவது எப்போது வேண்டுமானாலும். மிச்ச நேரத்தில் வோல்டேஜ் இல்லாமல் டிவி படம் சுருங்கிப் போகும். அவள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து, குளித்து, ஜெபம், சமையல் எல்லாவற்றுக்கும் இடையில் கிணற்றடியில் போய் உட்கார்ந்து, கிணத்துக்காரியை ஒருமுறை கொன்று, இரண்டாம் முறையும் ஏறக்குறையக் கொன்று முடிக்கிற வேளை பார்த்துப் பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். நாள் தவறாமல் இதே கதி. மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றால், ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ரத்னபாய் வீட்டு ட்யூப் லைட் நின்று எரியும். அதைப் பார்க்கிறபோது வருகிற கோபம் அவளுக்குக் கிணத்துக்காரி மேல்கூட வந்ததில்லை. என் புருஷன் வாங்கிக் கொடுத்த ரிமோட்டு அவளுக்கு. கரண்டும் அவளுக்கு. எனக்கு என்ன இருக்கிறது, வித்தை மட்டும்தானே இருக்கிறது என்று நினைத்து நினைத்து அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ரத்னபாயைப் பார்க்கும்போது முதலில் முகத்தைத்தான் ஆராய்வாள். முடித்துவிட்டாளா? ரத்னபாய் தலையை ஆட்டி உதட்டைப் பிதுக்குவாள். அப்பாடா என்றிருக்கும், அன்றைக்கு ஆராதனையில் பாட்டும் நன்றாக வரும்.

சித்திரையில் பொறுமை போய்விட்டது. கௌரவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மெமரி கார்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மேலே நாலு மாங்காயும் வைத்து, ஒரு சனிக்கிழமை மதியம் பனச்சமூடு தாண்டினாள். தன் கதை முழுக்க அந்தக் கார்டில் இருக்கிறது. நிற்காத கரண்டில் ஒரே ஒரு முறை ஆடினால் போதும். ரத்னபாய் வீட்டில் வைத்தே ரத்னபாயை முந்திவிடலாம்.

மாங்காயைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் ஆடிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

"இதுக்குக் கேக்கணுமா அக்கா? ஒங்களுக்க வீடுதானே இது. இரியுங்க, நானும் பக்கத்தில இருந்து பாத்துப் படிச்சுக்கிடுவேன்."

பார்த்துப் படித்துக்கொள்வாளாம். விமலகுமாரிக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

கிணத்துக்காரி ஏறி வந்தாள். விமலகுமாரி ஒரு முறை, சோதித்துப் பார்க்க, விளக்கை அணைத்தாள். அணைத்த உடனே கைக்குள் ரிமோட்டு மெல்ல நடுங்கியது. விளக்குப் பெண்ணின் தோள் வேகமாக ஏறி இறங்க, நடுக்கமும் கூடியது. பயத்தின் அளவை இந்த ரிமோட்டு கையில் சொல்கிறது! கண்ணை நட்டு, ஊகித்து, பாதி நாள் ஏமாந்து அவள் படித்த வித்தையை, இதை வைத்திருக்கிற யாரும் ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். நடுக்கம் உச்சிக்குப் போகும்போது அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்னபாய் கையில் இத்தனை மாதமும் சாவி இருந்திருக்கிறது. விளக்கை அணைக்காததால் அது பயத்தைச் சொல்லவே இல்லை.

பக்கத்தில் ரத்னபாய் திரையைப் பார்க்காமல் இவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமலகுமாரி விளக்கை ஏற்றினாள். நடுக்கம் நின்றது.

இருட்டில் ஆடினால் இன்றைக்கே ஜெயம். நாளைக்கு ரத்னபாயும் ஜெயிப்பாள். ஒரு நாள் வித்தியாசம் எல்லாம் ஒரு வித்தியாசமா? முதலில் முடித்தவள் என்று சொல்லிக்கொள்வதற்குள் அவளும் முடித்துவிட்டு வந்து நிற்பாள். விமலகுமாரி வெளிச்சத்திலேயே அடித்தாள், சின்னச் சின்னதாக. உபதேசியார் ஆற்ற வேண்டிய நேரத்தில் ஆற்றவில்லை. பட்டாளத்துக்காரன் விழுந்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, ட்யூப் லைட் பகலிலும் எரிந்தது, கரண்டு ஒரு இமை அசையவில்லை. நிற்காத அந்தக் கரண்டில் உட்கார்ந்து, கொல்லத் தெரிந்தவள், கொல்லாமல் செத்தாள்.

ரத்னபாய் பெருமூச்சு விட்டாள்.

"ஒங்களாலயே முடியல்லெங்கி எனக்க கையிலயா நடக்கும்? இது ஆரும் கொல்ல முடியாத சாதனம் ஆக்கும், அக்கா. நான் விட்டாச்சு."

எழுந்து போய் ரிமோட்டின் வயரை உருவி, சுருட்டி, மாங்காய் கொண்டுவந்த பைக்குள்ளேயே போட்டாள். "ஒங்களுக்க ரிமோட்டு பழசு. இத எடுத்துக்குங்க. அத்தான் ஒங்களுக்குத்தான் முதல்ல குடுத்திருக்கணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் விமலகுமாரி வாயைத் திறந்தாள். வந்த சொல் என்னவோ, சரி என்பதுதான்.

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கி, அணைகளில் தண்ணீர் ஏறியதும் பவர் கட்டை எடுத்தார்கள். ஒரு மதியம், கதவைச் சாத்திக்கொண்டு, ரத்னபாயின் ரிமோட்டைப் பிடித்து, முதல் அடியிலிருந்தே விளக்கை அணைத்துவிட்டு ஆடினாள். நடுக்கம் உச்சிக்கு வரும்போதெல்லாம் அடித்தாள். கிணத்துக்காரி மூன்று முறை எழுந்து மூன்று முறையும் விழுந்து, முடியெல்லாம் எரிந்து, கிணற்றுக்குள் போனாள். திரையில் பொழுது விடிந்தது. ஜப்பான் எழுத்துகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தன. விமலகுமாரி கடைசி எழுத்து வரை பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் ஒன்றும் வரவில்லை, சந்தோஷம்கூட வரவில்லை.

அது இங்கே வராது என்று அவளுக்குத் தெரியும். அது இருக்கிற இடம் பனச்சமூட்டுக்கு அப்புறம். ரத்னபாயின் முகம் ஒரு நிமிஷம் வாடுவதைப் பார்க்க வேண்டும். எரிகிற வயிறு எப்படி இருக்கும் என்று அவளும் ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை மாதம் இவள் பட்ட பாடெல்லாம் அதற்குத்தானே? குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பினாள்.

ரத்னபாய் பின்வாசலில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். விமலகுமாரி குடையை மடக்காமலே சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

ரத்னபாய் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். செதில் ஒட்டிய கையோடு வந்து கட்டிப் பிடித்தாள். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"சுகுமாரியே, எனக்க அக்கா அவளக் கொன்னு போட்டா, கேட்டியா? நான் அண்ணைக்கே சொன்னேன் இல்லையா, அக்காளால முடியும்ணு."

எப்படிக் கொன்றீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை. ரிமோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. மீன் பொரித்துத் தருகிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். விமலகுமாரி அடுக்களையில் உட்கார்ந்து, அந்த முகத்தை விடாமல் பார்த்தாள். கண்ணோரத்தில், உதட்டோரத்தில், திரும்பி நின்று எண்ணெய் ஊற்றும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற நொடியில், எங்காவது ஒரு துளி எரிச்சல் தெரியாதா என்று தேடினாள். இல்லை. அடியிலிருந்து நுனி வரை அவள் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு அது தெரியவே தெரியாது, அந்த எரிச்சல் எப்படி வரும் என்பதே தெரியாது.

மிக்ஸி, கரண்டு, நடுங்குகிற ரிமோட்டு, இவை எதன் மேலும் வந்தது பொறாமையே இல்லை என்று விமலகுமாரிக்கு அப்போதுதான் புரிந்தது. பொறாமை என்றால் இது, எரியாத அந்த வயிற்றின் மேல் வருவது. இந்த ஒன்றைப் புருஷனுக்குப் போன் போட்டு ஷார்ஜாவிலிருந்து வரவழைக்கவும் முடியாது.