ஏன் மேடமும் நிற்காத மெஷினும்

எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு 'ஏன் மேடம்' என்று பெயர். மெஷின்கள் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிற கண்ட்ரோல் இன்ஜினியர். யார் எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை 'ஏன்?'தான். மோட்டார் சூடாகிறது என்றால் ஏன், ஒயரை மாற்றிவிட்டேன் என்றால் ஏன். பன்னிரண்டு வருடமாக அவரிடம் ஒயர்மேனாக இருக்கிறேன். என் பெண்டாட்டிகூட என்னை அத்தனை கேள்வி கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் கேட்காமல் விட்டார்.

மூடி போடும் மெஷினுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். அதற்கென்று கதவில் ஒரு சுவிட்ச். அது கெட்டுப்போய், கதவு மூடியிருந்தும் மெஷின் நின்று நின்று உயிரை வாங்கியது. புது சுவிட்ச் வர இரண்டு நாள் ஆகும், அதுவரை பைபாஸ் போடுங்கள் என்றார் மேனேஜர். அதாவது, கதவு எப்போதும் மூடியே இருக்கிறது என்று புரோகிராமில் பொய் சொல்லி வைப்பது. மூன்று நாளாக வேறொரு லைனில் மாரடித்து அலுத்துப்போயிருந்த மேடம், சரி என்று போட்டுவிட்டார். புது சுவிட்ச் சொன்னபடி வந்தது. ஆர்டர் நெருக்கடி, மெஷினை அரை மணி நேரம் நிறுத்த மேனேஜர் விடவில்லை. பிரிக்காத பெட்டியோடு அது ஸ்டோரில் கிடந்தது. நாளாக ஆக மேடம் மறந்துபோனார். நான் மறக்கவில்லை, வாயைத்தான் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

அந்த மெஷினை ஓட்டுகிற அக்கா, மகளின் பிரசவத்துக்காக ஐந்து வாரம் லீவில் இருந்தார். இடையில் பைபாஸ் போட்டது அவருக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்த அன்றே ஒரு பாட்டில் சாய்ந்து மாட்டிக்கொண்டது. வழக்கம்போலக் கதவைத் திறந்து கையை விட்டார். மெஷின் நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மறுநாள் மேடமும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா அழவில்லை, திட்டவில்லை.

"தொறந்தா நிக்கும்னு நீங்கதானே மேடம் சொல்லிக்குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே வந்ததும் மேடம் நேராக வேலைக்குக் கிளம்பினார்.

தொழிற்சாலையில் அதற்குள் அறிக்கை தயார். 'ஓடும் மெஷினில் அஜாக்கிரதையாகக் கையை விட்டார்.' இன்ஜினியர் கையெழுத்து விழுந்தால் போதும், விரல் போன அக்காவுக்கு வேலையும் போகும், பழியும் வந்து சேரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பைபாஸ் போட்ட தேதி, மணி, போட்டவர் பெயர் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அழித்துவிடச் சொன்னார் மேனேஜர். அதில் இருப்பது மேடம் பெயர்தானே தவிர தன் பெயர் இல்லை, அவருடைய நல்லதுக்குத்தான் சொல்வதாக உருகினார்.

மேடத்தின் கணவர் பஸ் டிரைவர். அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டவர், பிரேக் இல்லாத பஸ்ஸைக் கொடுத்துவிட்டு, இடித்தால் டிரைவர் தப்பு என்று எழுதினால் நீ சும்மா இருப்பாயா என்றாராம். கேட்டுவிட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாராம்.

மறுநாள் காலை மேடம் அந்தப் பதிவை அச்செடுத்து, தன் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேனேஜர் மேஜையில் வைத்தார்.

"அழிக்க மாட்டேன் சார். பொய்ய எழுதி வெச்சது நான். அத எடுக்க விடாதது நீங்க. ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு காப்பி போயாச்சு."

வேலை போய்விடும் என்று மேனேஜர் குதித்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன? சாட்சி என்று எழுதி நானும் கீழே ஒரு கையெழுத்தைப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழுத்தி நான் பேனா பிடித்ததில்லை.

அக்காவின் வேலை தப்பியது. மேனேஜருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். மேடத்தை ஸ்டோருக்குத் தள்ளினார்கள். போவதற்கு முன் புது சுவிட்சைத் தன் கையாலேயே மாட்டி, பைபாஸை எடுத்துவிட்டுத்தான் போனார். இப்போது நட்டும் போல்ட்டும் எண்ணுகிறார். மேனேஜரை மாட்டிவிட்டதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதினால் பழைய இடம் கிடைக்கும் என்று ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். 'ஏன்?' என்று கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பினார்.

கட்டுப் பிரித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். தினமும் காலையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும், மீதி மூன்று விரலால் கதவைத் திறப்பார். மெஷின் நிற்கும். மூடிவிட்டு மறுபடி ஓட்டுவார். போன வாரம் மேனேஜர் வந்து, தினம் இப்படி நிறுத்தினால் உற்பத்தி என்னாவது என்று சத்தம் போட்டார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நிக்குதான்னு பாத்துட்டுத்தான் சார் ஓட்டுவேன். அவ்வளவு அவசரம்னா நீங்க உள்ள கைய விடுங்க, நான் பாக்காமலே ஓட்டுறேன்."

மேனேஜர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.