வாடிப் பக்கம் பிடித்த ஈ

எட்டு வயதில் சொன்ன ஒரு பொய்யைத் தாயான பிறகு திருத்தத்தான் வேண்டுமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அப்போது உம்மாவின் தங்கை, என் சாச்சி, பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. மருதமுனைக் கடற்கரையில் ஈ பிடிப்பதுதான் அவருடைய ஆய்வு. வீட்டு ஈ அல்ல; மணலில் வந்து அமரும், பின்பக்கம் ஊசிபோல் கூராக ஒடுங்கிய ஒரு வகை. அதன் புழு மணலுக்குள் கிடந்து மற்றப் புழுக்களைத் தின்னும். "கெம்பஸ் படிச்சி ஈ ஓட்டுறா" என்று வாப்பா சிரிப்பார். ஒவ்வொரு ஈயின் கீழும் சின்னச் சீட்டொன்றைக் குத்தி, பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் எழுதுவார் சாச்சி. சீட்டில்லாத ஈ எதற்கும் உதவாது என்பார்.

அந்த வருடம்தான் என் தம்பி பிறந்து, பதினோராம் நாள் மௌத்தானான். எங்களூரில் இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. வாப்பா அடக்கிவிட்டு வந்ததும் உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நிழல் இருக்கா?"

"ஓம், இருக்கு."

சில நாள் கழித்து, பள்ளியில் குர்ஆன் ஓதிவிட்டு வரும் வழியில் வேலி இடைவெளியால் மையவாடிக்குள் நுழைந்தேன். தம்பியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எல்லாவற்றிலும் சின்னதாய் ஒரு மண்மேடு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் புதிதாய் நட்ட இரண்டு மீசான் கட்டைகள். சுற்றிலும் அடம்பன் கொடி. ஒரு மரமும் இல்லை. அந்தச் சுடுமணலில் சாம்பல் நிற ஈயொன்று வந்து அமர்ந்தது. சாச்சி தந்திருந்த நெருப்புப்பெட்டியால் மூடிப் பிடித்தேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த சாச்சி, இப்படியொன்றை இங்கே இதுவரை கண்டதில்லை என்றார்.

"எங்க புடிச்ச மகள்?"

"கரவல வாடிக்கிட்ட."

மீனவர் குடிலான அந்த வாடியின் பெயரோடு என் பெயரும் சீட்டில் ஏறியது.

பிடித்தது பெண் ஈ. ஆண் ஒன்று கிடைத்தால்தான் என்ன இனம் என்று உறுதியாகச் சொல்லலாமாம். மூன்று கிழமை சாச்சி உச்சி வெயிலில் வாடிப் பக்கம் வலையோடு அலைந்தார். "வலையக் கடல்ல போடுங்க தங்கச்சி, நெத்தலியாச்சும் படும்" என்றார்கள் மீனவர்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஒருநாள் சாச்சி மெதுவாகக் கேட்டார், "வேற எங்கயும் போனியா? பயப்படாமச் சொல்லு, ஏச மாட்டன்." பக்கத்தில் உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இல்லை என்றேன்.

சாச்சி இப்போது விரிவுரையாளர். கிழக்குக் கரையில் அந்த ஈக்கள் எங்கெங்கே உண்டு என்று எழுதுகிறார். பொத்துவில் பக்கம் கிடைத்திருக்கிறதாம். எங்களூருக்குச் சாட்சி என் சீட்டு மட்டும். ஹஜ் பெருநாள் விடுமுறைக்கு வந்து வாடிப் பக்கம் மறுபடி தேடப்போகிறார். இடம் காட்ட நான் வர வேண்டுமாம். அங்கே கடலரிப்புக்குக் கல் போட்டுவிட்டார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், அந்த ஈ எங்களூரில் அழிந்துவிட்டது என்று எழுதிவிடுவார். மையவாடி மணலோ அப்படியே கிடக்கிறது.

சாச்சியிடம் சொல்வது பெரிதல்ல. ஆனால் அவர் தன் ராத்தாவான என் உம்மாவிடம் எதையும் மறைக்காதவர். அந்த ஈ நிழலில்லாத வெறும் மணலுக்குத்தான் வரும் என்பதையும் உம்மா அறிந்துகொள்வார். வாப்பாவும் இப்போது இல்லை.

மையவாடிக்குப் போனதற்கு அடி விழும் என்று மட்டுமே அன்று பயந்தேன். மரமே இல்லாத இடத்தில் வாப்பா நிழலைப் பார்த்தது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. என் மகன் பிறந்து பதினோராம் நாள், தொட்டிலுக்கு மேல் விழுந்த வெயிலை உம்மா எழுந்து போய்ச் சேலையால் மறைத்தபோதுதான் விளங்கியது.

சீட்டைத் திருத்தவா, விடவா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.